ரவுண் முழுக்கத் தெரிஞ்ச ஆள், ஆனா பேர் மட்டும் தெரியாது

2025 பெப்ரவரியில அமெரிக்காவில இருந்து ஒரு சின்ன நியூஸ் வந்தது, எங்கட ஆக்கள் கனபேர் அதைத் தமிழில பாத்திட்டு இதென்ன விசயம், ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு சத்தம் எண்டு குழம்பிப் போச்சினம். விசயம் இதுதான். நியூயோர்க்கில ஸ்ரோன்வோல் எண்டு ஒரு தேசிய நினைவிடம் இருக்கு, அதைப் பராமரிக்கிறது அமெரிக்க அரசாங்கத்தின்ர தேசியப் பூங்காச் சேவை. அந்த நினைவிடத்தைப் பற்றி அரசாங்கம் எழுதி வச்சிருந்த விளக்கத்தில இருந்து திருநரைக் குறிக்கிற சொல்லையும் எழுத்தையும் மட்டும் தேடித் தேடி எடுத்துப் போட்டினம். உடன ஆக்கள் அந்த இடத்துக்கு முன்னால போய்க் கூடி நிண்டு எதிர்ப்புக் காட்டிச்சினம், அதில திரும்பத் திரும்ப அடிபட்ட பேர் மார்ஷா பி. ஜோன்சன்.

இதைப் பாத்த எங்கட ஆக்களுக்கு வந்த கேள்வி மூண்டு. இவ ஆர்? றோட்டில நிண்டு, பிச்சை எடுத்து, நூறு தரம் பொலிஸ் பிடிச்ச ஒரு ஆளின்ர பேரில அங்க ஒரு பூங்காவே இருக்காமே, அது ஏன்? மூண்டாவது, இதால எங்களுக்கென்ன? முதல் ரெண்டுக்கும் மறுமொழி லேசு. மூண்டாவதுக்குத்தான் இடம் கூட எடுக்கப்போறன், ஏன் எண்டா கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் முல்லைத்தீவிலயும் இப்பிடி ஆக்கள் இருந்தவை, பழைய ஆக்களைக் கேட்டா தலையாட்டுவினம், ஆனா ஒரு கடதாசியிலயும் அவையளைக் காணேலாது.

முதல்ல சொல்லுகள்

1. திருநங்கை எண்டா பிறக்கேக்க ஆம்பிளை எண்டு பதியப்பட்டு, தன்னைப் பொம்பிளையா உணர்ந்து வாழுற ஆள். மறுவளம் திருநம்பி. எல்லாரையும் சேர்த்துத் திருநர். இந்தச் சொல்லுகள் 2000க்குப் பிறகு தமிழ்நாட்டில பரவி இஞ்ச வந்தது. அதுக்கு முதல் வன்னியில இருந்ததெல்லாம் ஏச்சுத்தான், ஒம்பது, அலி எண்டு, அதை இதோட விடுறன்.

2. "அவ"வா "அது"வா? எங்கட பேச்சில "அது பாவம்", "அதுகள் சின்னனுகள்" எண்டு பாசத்திலயும் சொல்லுவம். அதால ஒரு திருநங்கையை "அது" எண்டேக்க பாசமா இளக்காரமா எண்டு சொல்லுற ஆளுக்கே சிலவேளை விளங்காது, கேக்கிற ஆளுக்கு நல்லா விளங்கும். தொல்காப்பியம் சொல்லதிகாரம் தொடங்கி நாலாவது சூத்திரத்திலயே இதைப் பற்றி வருது, ஆண்மை திரிந்த பேரை உயர்திணைக்குள்ளதான் வைக்குது, அஃறிணையில தள்ளேல்லை. அப்ப இலக்கணம் பாக்கிறவைக்கும் "அது" சரிவராது.

3. தெரு ஆள். இது நான் இந்தக் கட்டுரைக்கு வச்ச சொல். சந்தை, பஸ் ஸ்ராண்ட், கோயில் வீதி, கடை விறாந்தை எண்டு வாழுற, ரவுண் முழுக்க முகம் தெரிஞ்ச, ஆனா ஒரு இடாப்பிலயும் இல்லாத ஆள். திருநங்கையள் எல்லாரும் தெரு ஆக்கள் இல்லை, ஆசிரியரா, தையல்காரியா, கந்தோரில வேலை செய்யிறவையா இருக்கிறவையும் இருக்கினம். நான் கதைக்கிறது ரெண்டும் ஒரே ஆளில சேர்ந்திட்டா அவவின்ர நினைவுக்கு என்ன நடக்குது எண்டதைப் பற்றி.

மார்ஷா ஆர்

1945 ஓகஸ்ட் 24, நியூ ஜேர்சி மாநிலத்தில எலிசபெத் எண்ட ரவுணில பிறந்த கறுப்பினப் பிள்ளை. 1963ல பள்ளிக்கூடம் முடிச்ச கையோட 15 டொலரும் ஒரு உடுப்புப் பையுமா நியூயோர்க் வந்தா. சாப்பாட்டுக்கடையில பரிமாறுற வேலை, பிறகு 42ஆம் வீதியில பாலியல் தொழில், கன வருசமா தன்ர எண்டு சொல்ல ஒரு வீடு இல்லை. ஜோன்சன் எண்ட பேர் தகப்பன்ர பேரில்லை, அந்த 42ஆம் வீதியில இருந்த ஹவார்ட் ஜோன்சன்ஸ் எண்ட சாப்பாட்டுக்கடையின்ர பேர். நடுவில வாற "பி" அதைவிட நல்ல கதை. நீ ஆணா பெண்ணா எண்டு கேக்கிறவைக்கு அவ சொல்லுற மறுமொழி "அதைக் கணக்கெடுக்காதேங்கோ", அந்த ஆங்கில வசனத்தின்ர முதலெழுத்துத்தான் அது. ஒருக்கா கோட்டில நீதவான் கேட்டதுக்கும் அதையே சொல்ல, அவர் சிரிச்சுப்போட்டு விட்டிட்டாராம்.

தலை நிறையப் பூ வச்சிருப்பா. அது எங்கால வந்தது எண்டா, நியூயோர்க் பூச்சந்தையில பூத் தெரிவு செய்யிற மேசையளுக்குக் கீழ படுக்கிறவவாம், மிஞ்சின பூவைச் சந்தைக்காரர் குடுத்திருக்கினம். சந்தை மூடுற நேரத்தில மிஞ்சினதைக் கூப்பிட்டுக் குடுக்கிறது எங்கட பக்கமும் இருக்கிற பழக்கம்தானே, அதால இந்த இடம் எனக்கு ஒரு அமெரிக்கக் கதை மாதிரியே தெரியேல்லை.

இனி ஸ்ரோன்வோல். 1969 யூன் 28 விடியப்புறம், ஸ்ரோன்வோல் எண்ட மதுக்கடைக்குள்ள பொலிஸ் பூந்தது, ஒருபாலீர்ப்பு ஆக்களும் திருநரும் கூடுற கடை அது. வழமையா ஆக்கள் தலையைக் குனிஞ்சு கொண்டு பொலிஸ் வானில ஏறுவினம், அண்டைக்கு ஏறேல்லை, திருப்பி அடிச்சவை, கலவரம் கன நாள் நீண்டது. "முதல் கல்லை எறிஞ்சது மார்ஷா" எண்டு இப்ப எல்லா இடமும் எழுதுகினம், தமிழிலயும் அப்பிடித்தான் வருது. பிழை. அவவே 1980களின்ர கடைசியில குடுத்த நேர்காணலில, தான் போய்ச் சேரேக்க ரெண்டு மணி, ஏற்கெனவே எல்லாம் பத்தத் தொடங்கீற்று எண்டு சொல்லியிருக்கிறா. அவ அந்தக் கலவரத்தில நிண்டவ எண்டது உண்மை, தொடக்கினது எண்டது பேந்து ஆக்கள் கட்டினது. இது ஏன் முக்கியம் எண்டா, தெரு ஆளை நினைக்கிறதெண்டு வெளிக்கிட்டா ரெண்டு பக்கமும் வழுக்கும், ஒண்டு ஒண்டுமே இல்லாம அழிச்சுப் போடுறது, மற்றது வீராங்கனை ஆக்கி உண்மையான ஆளை மூடி விடுறது.

அவ உண்மையிலயே செய்த வேலை 1970ல தொடங்கினது. சில்வியா ரிவேரா எண்ட இன்னொரு தெரு ஆளோட சேர்ந்து ஸ்ரார் எண்டு ஒரு அமைப்பு. வீட்டில இருந்து துரத்தின பெடியளுக்குப் படுக்க ஒரு இடம், அவ்வளவுதான் நோக்கம். முதல்ல ஒரு லொறிப் பெட்டிக்குள்ள, பேந்து இடிஞ்ச ஒரு கட்டடத்தில. வாடகை எப்பிடி வந்தது எண்டா இவையள் ரெண்டு பேரும் றோட்டில நிண்டு உழைச்சு, பிள்ளையள் றோட்டுக்குப் போகாம இருக்க.

1992 யூலை 6 ஹட்சன் ஆத்தில உடம்பு மிதந்தது. பொலிஸ் உடனயே தற்கொலை எண்டு எழுதி மூடிச்சுது, கூட்டாளியள் ஒருத்தரும் நம்பேல்லை. 2002ல அந்தப் பதிவைக் "காரணம் தீர்மானிக்கேலாது" எண்டு மாத்தினவை, 2012ல பைலைத் திரும்பத் திறந்தவை, இண்டைவரைக்கும் முடிவில்லை. சாம்பலை அதே ஆத்தில கரைச்சவை, ஊர்வலம் போக பொலிஸே பெரிய றோட்டை மறிச்சு விட்டது, உயிரோட இருக்கேக்க அதே பொலிஸ்தான் அவவை அதே பக்கத்து றோட்டுகளில பிடிச்சுக்கொண்டு போனது.

மறந்ததும் திரும்பி வந்ததும்

செத்த நேரம் பெரிய பேப்பருகள் மரணக் குறிப்புப் போடேல்லை. நியூயோர்க் ரைம்ஸ் போட்டது 2018ல, 26 வருசம் கழிச்சு, நாங்கள் விட்டுப்போட்ட ஆக்கள் எண்டு ஒரு வரிசை தொடங்கி. 2019ல நகரசபை சிலை வைக்கப்போறம் எண்டு அறிவிச்சது, அது இழுபட்டுக்கொண்டு இருக்க 2021ல ஆர்வலர்கள் தாங்களே ஒரு மார்பளவுச் சிலையைக் கொண்டுவந்து கிறிஸ்ரோபர் பூங்காவில வச்சவை. 2020ல, அவவின்ர பிறந்த நாள் ஓகஸ்ட் 24 அண்டைக்கு, புறூக்ளின்ல ஆத்தங்கரைப் பூங்கா ஒண்டுக்கு அவவின்ர பேர் வச்சது நியூயோர்க் மாநிலம். அஞ்சு வருசம் ஆகேல்லை, 2025ல நாட்டு அரசாங்கம் சொல்லை எடுத்தது. மாநிலம் ஒரு கையால எழுத நாட்டு அரசாங்கம் மற்றக் கையால அழிக்குது, அந்தப் பூங்காவும் அந்த நினைவிடமும் வேற வேற அரசுக்குக் கீழ எண்டது விளங்காமத்தான் கனபேர் "பூங்காவின்ர பேரை எடுத்திட்டாங்களாம்" எண்டு எழுதினவை, அது இல்லை.

என்ர கேள்வி வேற. 26 வருசம் பெரிய பேப்பருகள் மரணக் குறிப்புக்கூடப் போடாத ஆளைப் பற்றி 2018ல எப்பிடி எழுத முடிஞ்சது? என்னத்தை வச்சு எழுதினவை? தேடிப் பாத்தா நாலு சாமான்.

1. படம். 1975ல அன்டி வார்ஹோல் எண்ட பேர்பெற்ற ஓவியர் செய்த ஒரு வரிசையில அவவின்ர முகமும் இருக்கு. அது தவிர றோட்டில, ஊர்வலத்தில, படம் பிடிச்சவை கனபேர்.

2. குரல். நேர்காணல் ரேப்பில இருக்கு. அதால தான் முதல் கல் கதை பிழை எண்டு அவவின்ர வாயாலயே தெரியுது.

3. தப்பியிருந்த கூட்டாளியள். சில்வியா ரிவேரா 2002ல சாகுமட்டும் இந்தப் பேரை விடேல்லை. 1973ல பேரணி மேடையில ஏறி, மறியலில கிடக்கிற எங்கட சனத்தைப் பாருங்கோ எண்டு கத்தேக்க தங்கட ஆக்களே கூ அடிச்சவை, அப்பவும் விடேல்லை. மார்ஷா கடைசிக் காலத்தில தங்கியிருந்த வீட்டுக்காரர் வீடியோவே எடுத்து வச்சிருந்தவர்.

4. பொலிஸும் கோடும் ஆசுப்பத்திரியும். அவவின்ர கணக்கிலயே நூறு தரத்துக்கு மேல பிடிபட்டவ. மன வருத்தத்துக்கு வாட்டில போட்டவை. ஒவ்வொண்டுக்கும் ஒரு கடதாசி.

பாருங்கோ, இதில பாசம் எண்டது மூண்டாவதில மட்டும்தான் இருக்கு. மிச்சமெல்லாம் கமரா, ரேப், பொலிஸ் பைல். அவ நல்ல ஆள் எண்டபடியா நிண்டு பிடிக்கேல்லை, அந்த நகரம் எல்லாத்தையும் பதிஞ்சு அடுக்கி வைக்கிற, அந்தக் கட்டடங்கள் எரியாத நகரம் எண்டபடியா நிண்டவ.

எல்லாரும் பாத்தவை, ஆரும் கேக்கேல்லை

தமிழில இதுக்கு எவ்வளவு பழைய சாட்சி இருக்கு எண்டா, மணிமேகலையில மலர்வனம் புக்க காதையில புகார் நகரத்து வீதி வருது. சனம் நிண்டு வேடிக்கை பாக்கிற காட்சியள் ஒண்டொண்டா வர, அதில ஒண்டு பேடிக்கோலத்தில ஆடுற கூத்து. தாடி, பூங்குழல், பவள வாய், பல்லு, கண், காதுத் தோடு, புருவம், நெத்தி, கை, இடுப்பு, உடுப்பு எண்டு தலையில இருந்து கீழ வரைக்கும் புலவர் ஒண்டையும் விடேல்லை. அது காமன் ஆடின ஆட்டத்தின்ர வேசம், உள்ளுக்க நிண்ட ஆட்டக்காரர் எப்பிடியான ஆள் எண்டு அதில இல்லை. இல்லாதது அது மட்டும் இல்லை, பேரும் இல்லை. பாத்த கண் இருக்கு, பேர் கேட்ட வாய் இல்லை.

இதே மாதிரி ஒரு விசயத்தைக் கிளிநொச்சியில ஒரு தேத்தண்ணிக் கடையில நேர கேட்டனான். 2002 சமாதான காலத்தில சந்தைப் பக்கம் திரிஞ்ச ஒரு ஆளைப் பற்றி ரெண்டு ஐயாமார் கதைக்கினம். ஒருத்தர் பச்சைச் சீலை எண்டுறார், மற்றவர் "இல்லையடா, பாவாடையும் ஆம்பிளைச் சேட்டும், காலில ஆம்பிளைச் செருப்பு" எண்டுறார். அந்தச் செருப்பைப் பற்றியே ஒரு பத்து நிமிசம், எந்தக் கடைச் செருப்பு, ஒரு காலுக்கு வார் அறுந்து சட்டைப்பின் குத்தினது, நடக்கேக்க வாற சத்தம். பேர் என்ன ஐயா எண்டு கேட்டன். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தவை. "பேரோ... பேர் தெரியாது தம்பி. எல்லாரும் சும்மா கூப்பிடுறது தான்." என்னண்டு கூப்பிட்டவை எண்டு நான் கேக்கேல்லை, அவையும் சொல்லேல்லை, எங்கள் மூண்டு பேருக்கும் தெரியும்.

வன்னியில இது ஏன் இன்னும் மோசம்

நியூயோர்க்கில வேலை செய்த நாலு சாமானும் இஞ்ச வேலை செய்யாது. அது எங்கட ஆக்கள் கல்நெஞ்சுக்காரர் எண்டதால இல்லை, பதிவு எண்டது இஞ்ச எப்பிடி ஓடுது எண்டதால.

1. எல்லாம் குடும்பக் கணக்கு. விதானையாரிட்டை இருக்கிற பதிவு குடும்பத் தலைவர் பேரில. நிவாரண அட்டை, சமுர்த்தி, இப்ப அஸ்வெசும, வாக்காளர் இடாப்புக்கு வீட்டு இலக்கம், எல்லாத்துக்கும் ஒரு வீடும் ஒரு குடும்பமும் வேணும். வீட்டை விட்டு வெளிக்கிட்ட, இல்லாட்டி வெளிக்கிடுத்தின ஆள் ஒண்டில தாய் தேப்பன்ர அட்டையில பழைய பேரில, ஊரில இல்லாமலே இருக்கும், இல்லாட்டி வெட்டுப்பட்டுப் போகும். ரவுணில நிக்கிற ஆள் ரவுண் பதிவில வராது.

2. ரெண்டு பேர். ஒண்டு கடதாசிப் பேர், ஆம்பிளைப் பேர். மற்றது தானா வச்சுக்கொண்ட பேர். சந்தைக்குத் தெரிஞ்சது ரெண்டாவது, அல்லாட்டி அதுவும் இல்லாம ஏச்சுப் பேர். அப்ப நாளைக்கு ஆரும் தேடிப் போனா சந்தைக்காரர் சொல்லுற பேர் கச்சேரியில, அரசாங்கக் கந்தோர்ப் பதிவில, இல்லை, கச்சேரியில இருக்கிற பேர் சந்தையில ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டையும் முடிச்சுப் போடுற ஒரே ஆள் அவதான், அவ போனா முடிச்சு அவிழ்ந்தது.

3. ஐசி நம்பர். இது கனபேருக்குத் தெரியாத விசயம், கொஞ்சம் நிண்டு சொல்லுறன். எங்கட அடையாள அட்டை நம்பருக்குள்ளயே ஆணா பெண்ணா எண்டது இருக்கு. பிறந்த வருசத்துக்குப் பிறகு வாற மூண்டு இலக்கம், அந்த வருசத்தின்ர எத்தினையாவது நாளில பிறந்தது எண்டது, பொம்பிளையெண்டா அதோட 500 கூட்டுவினம். 1975 தை 10 பிறந்த ஆம்பிளையின்ர பழைய ஐசி 75010 எண்டு தொடங்கும், அதே நாளில பிறந்த பொம்பிளைக்கு 75510. படத்தைப் பாக்கத் தேவையில்லை, உடுப்பைப் பாக்கத் தேவையில்லை, நம்பரை வாசிச்சாலே தெரியும். இதைக் கொண்டுபோய், வன்னிக்குள்ள போய் வர அப்ப தாண்ட வேண்டியிருந்த ஓமந்தை செக் பொயின்ற்றில வச்சுப் பாருங்கோ, ஆம்பிளையளுக்கு ஒரு வரிசை, பொம்பிளையளுக்கு ஒரு வரிசை, உடம்பு தடவிச் செக்கிங். சீலை கட்டி 010 வச்சிருக்கிற ஆள் எந்த வரிசையில நிக்கிறது? ஒண்டில போறதில்லை, இல்லாட்டி ஆம்பிளையா உடுத்திக்கொண்டு போறது. அப்ப அந்தக் காலத்தில ஆரும் படம் பிடிச்சிருந்தாலும் பதிவு செய்திருந்தாலும் அதில இருக்கிறது அவவா இருக்காது.

4. இடம்பெயர்வு. 2008 கடைசியில கிளிநொச்சி வெறிச்சுது, 2009 ஜனவரி 2 ஆமி வந்திட்டுது. சனம் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எண்டு கடற்கரை மட்டும் ஒடுங்கிச்சுது. கலியாணப் பட அல்பத்தையே பங்கருக்குள்ள விட்டிட்டு ஓடின சனம். அங்க இருந்த நிர்வாகத்தின்ர கடதாசியளும் அதோட போச்சு. பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம், 2 லட்சத்துக்கு மேல ஆக்கள், 2012 செப்டெம்பரிலதான் முழுக்க மூடினது. அங்கயும் பதிவு குடும்பமா, தறப்பாள் குடும்பமா, குளிக்கிற இடமும் கக்கூசும் ஆம்பிளைக்கு ஒரு பக்கம் பொம்பிளைக்கு ஒரு பக்கம். தனி ஆளா வந்த திருநங்கை எந்தக் குடும்பத்தோட ஒட்டிக்கொண்டு எந்தப் பேரில பதிஞ்சிருப்பா எண்டு நினைச்சுப் பாருங்கோ.

5. தேட ஆள் வேணும். காணாமப் போனவைக்கு மரணப் பதிவு செய்ய 2010ல 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 2016ல காணாமை எண்டதுக்கு ஒரு சான்றிதழ் வந்தது. ரெண்டும் உறவுக்காரர் போய்க் கேக்கிறதை நம்பித்தான் ஓடுது. வீட்டை விட்டுத் துரத்தின ஆளை ஆர் போய்க் கேக்கிறது? பத்து வருசத்துக்கு முதல் "எங்களுக்கு அப்பிடி ஒரு பிள்ளை இல்லை" எண்ட வீடு, பத்து வருசம் கழிச்சுப் படத்தைத் தூக்கிக்கொண்டு காணாமப் போனவையைக் கேட்டுப் போராடுற பந்தலில இருக்குமோ? சில தாய்மார் இருப்பினம், அதையும் சொல்லோணும், ஆனா தூக்கின படத்தில மீசை இருக்கும்.

அடிச்ச பக்கத்தின்ர கல்லு

நியூயோர்க் சாமான் நாலாவது, பொலிஸ் பைல், அதை விளங்க எங்கட ஊர் உதாரணம் ஒண்டு இருக்கு. ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடு. பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்ட்டில வெள்ளைக்காரரிட்டை இருந்த முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சவன், அந்த ஒக்டோபர் 31ல அவையின்ர கப்டன் வொன் டிறிபேர்க் எண்டவன்ர படையிட்டைத் தோத்தவன். அதுக்கு அங்க ஒரு நினைவுக் கல்லு இருந்தது, அதில எழுதியிருந்தது என்ன? இந்த இடத்தில டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சான் எண்டு ஆங்கிலத்தில. அதாவது வெண்ட பக்கத்தின்ர பெருமையைச் சொல்லுற கல்லு. ஆனா நாள், இடம், பேர் மூண்டையும் எங்களுக்குச் சொல்லுற ஒரு சாட்சி அந்தக் கல்லு.

தெரு ஆக்களின்ர சரித்திரம் எழுதுறவை உலகம் முழுக்க இந்த வேலையைத்தான் செய்யினம், எதிராளியின்ர கடதாசியைத் திருப்பி வாசிக்கிறது. பிடிச்ச பொலிஸ் என்ன எழுதினது, தண்டம் எவ்வளவு, எந்தச் சந்தியில. எங்கட இலங்கையில அப்பிடிக் கடதாசி எங்க இருக்கும் எண்டா 1841ஆம் ஆண்டு 4ஆம் இலக்க அலைஞ்சு திரிவோர் கட்டளைச்சட்டத்தில பிடிபட்டவையின்ர கோட்டுப் புத்தகங்களில. வெள்ளைக்காரன் போட்ட சட்டம், இன்னும் உயிரோட இருக்கு, றோட்டில "சும்மா" நிண்ட குற்றத்துக்கு. ஆனா வன்னியில இந்தக் கதவும் பாதிதான் திறக்கும், கன காலம் இஞ்ச அந்தக் கோடே நடக்கேல்லை.

சட்டம் இப்ப எங்க நிக்குது

இதைச் சுருக்கமாச் சொல்லுறன், ஆக்கள் ரெண்டு விசயத்தைப் போட்டுக் குழப்பிறவை.

1. ஒருபாலுறவு பற்றினது ஒரு விசயம். 1883 தண்டனைச் சட்டக்கோவையில 365, 365ஏ பிரிவுகள், அதைக் குற்றமாக்கிறவை. அதை மாத்துற தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு 2023 மே மாசம் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனா அது நிறைவேற முதல் 2024ல அந்தப் பாராளுமன்றம் கலைஞ்சு போச்சு.

2. பாலின அடையாளம் வேற விசயம். திருநரா இருக்கிறது இலங்கையில குற்றம் இல்லை, குற்றம் எண்டு ஒரு சட்டமும் இல்லை. ஆனா 399ஆம் பிரிவு, ஆள்மாறாட்டம் செய்து ஏமாத்திறது, அதைத் திருநர் மேலயும் போட்டிருக்கினம், பொம்பிளை மாதிரி உடுத்தி ஏமாத்தினதாம்.

3. 2016ல இருந்து பாலின அங்கீகாரச் சான்றிதழ் இருக்கு. சுகாதார அமைச்சின்ர சுற்றுநிருபப்படி மனநல வைத்திய நிபுணர் பாத்துக் குடுக்கிறது, அதை வச்சுப் பிறப்புப் பதிவை மாத்தலாம், பேந்து ஐசி. மேல சொன்ன 500 கணக்கால நம்பரே மாற வேண்டி வருது, நம்பர் மாறினா பாங்க், ஈபிஎப், காணி உறுதி, பள்ளிக்கூடச் சேட்டிபிக்கற் எல்லாத்திலயும் பழைய ஆள் நிக்கும். அதுக்கும் மேல இது உயிரோட இருக்கிற ஆள் தானே போய்க் கேக்க வேண்டியது. செத்த ஆளுக்கு ஒரு வழியும் இல்லை, மரணப் பதிவில கடதாசிப் பேர்தான்.

எழுதப் போறவை கவனிக்க

வெளியில ஒரு வழக்கம் இருக்கு, 1999ல இருந்து ஒவ்வொரு வருசமும் நவம்பர் 20 திருநர் நினைவு நாள், அண்டைக்குக் கொல்லப்பட்டவையின்ர பேரை ஒண்டொண்டா உரத்து வாசிப்பினம். வேற சடங்கு பெரிசா இல்லை. நவம்பர் எண்டா வன்னிக்கு வேற நினைவு, ரெண்டையும் நான் ஒப்பிட வரேல்லை, ஆனா பேர் வாசிக்கிறது எண்டா என்ன எண்டு எங்கட ஆக்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. சிக்கல் என்னெண்டா வாசிக்கப் பேர் இல்லை.

அதால இப்ப ஆரும் பழைய ஆக்களைக் கேட்டு எழுதுறதெண்டா, கேக்க வேண்டிய ஆள் சந்தைத் தலைவரோ ஓய்வுபெற்ற அதிபரோ இல்லை. கடன் குடுத்தவை, சீலை தைச்சவை, மருந்து கட்டின நேர்ஸ்மார், கோயில் மடைப்பள்ளியில சோறு போட்டவை, கூத்து அண்ணாவிமார். கோவலன் கூத்திலயும் காத்தவராயனிலயும் பொம்பிளை வேசம் கட்டினவையில ஆர் மேடையை விட்டு இறங்கியும் அப்பிடியே இருக்க விரும்பினவை எண்டு அண்ணாவிமாருக்குத் தெரியாம இராது. ஆனா வேசம் கட்டின எல்லாரையும் திருநங்கை எண்டு எழுதிப் போடாதேங்கோ, அது கலியாணம் கட்டிப் பேரப்பிள்ளை கண்ட மனிசரையும் கேவலப்படுத்தும், உண்மையான ஆளையும் மறைக்கும்.

பேர் எழுதேக்க அவ வச்சுக்கொண்ட பேரை எழுதுங்கோ, கடதாசிப் பேர் தெரிஞ்சாலும் தேவையில்லாம வெளியில விடாதேங்கோ, ஒரு கொப்பியில தனியா வைக்கலாம். உயிரோட இருக்கிற ஆளைப் பற்றி அவவைக் கேக்காம ஒரு வரியும் வேண்டாம், ரவுணுக்குத் தெரியும்தானே எண்டது காரணம் இல்லை. இன்னொண்டு, காணாமல் போன ஆக்கள் பற்றின அலுவலகத்தின்ர 2016 சட்டத்தில முறைப்பாடு குடுக்க உறவுக்காரர்தான் வேணும் எண்டில்லை, வேற ஆளோ அமைப்போ கூடக் குடுக்கலாம். இது கனபேருக்குத் தெரியாது.

அந்தத் தேத்தண்ணிக் கடையால வெளிக்கிட்டுச் சந்தைக்குள்ள வெத்திலை விக்கிற ஒரு அம்மாவிட்டையும் கேட்டனான், 2002ல இருந்து அதே இடத்தில இருந்தவ, நடுவில முள்ளிவாய்க்காலும் மெனிக் பாமும் போய் வந்தவ. பச்சைச் சீலையோ பாவாடையோ எண்டு கேட்டதுக்கு அதொண்டும் தனக்கு ஞாபகமில்லை எண்டா. பேரைக் கேட்ட உடன சொன்னா, யோசிக்கவே இல்லை. எப்பிடியம்மா எண்டன். "கடன் கொப்பியில எழுதிறதெண்டா பேர் வேணுமே தம்பி, கேட்டனான், சொன்னவள், எழுதினனான்." கொப்பி மாத்தளனில விட்டதாம். அந்தப் பேரை நான் இதில எழுதேல்லை, சகோதரம் ஒண்டு பக்கத்து ஊரில இருக்குதாம், முதல்ல அங்க போய்க் கேக்கோணும். வெளிக்கிடேக்க வெத்திலைக்குத் தண்ணி தெளிச்சுக்கொண்டே சொன்னா, "நாப்பது ரூபா நிக்குது, கண்டா சொல்லு."